இரண்டு காலும் தரையில் படாத படம்

என் வீட்டுக்காரர் அந்தக் கேமராவை எதற்கு வாங்கினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. குவைத்திலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் தைலம், போர்வை, சாக்லேட் என்று கொண்டு வருவார்கள். இவர் போன லீவுக்குக் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கினார். லீவு முழுக்க அதில் அவர் எடுத்த படங்கள் என்னென்ன என்று கேட்டால், புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் முன்பக்கம், அதே தொட்டியின் பின்பக்கம், பக்கத்து வீட்டு பைக்கில் சாய்ந்தபடி அவர். என்னையும் மகளையும் எடுக்காமல் இல்லை. தொட்டிக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தார்.

கிளம்பும்போது, "நீயே வச்சுக்க புள்ள, அங்க ரூம்ல எவனாவது நோண்டிப்புடுவான்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் சிறுவாச்சூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். கோயில் திறக்கிற திங்களும் வெள்ளியும் தெருவே அடைத்துக்கொண்டு நிற்கும். மற்ற நாட்களில் என் மிஷின் சத்தம்தான். எனக்கெதற்குக் கேமரா? பீரோவில் பட்டுப்புடவைக்கும் அந்துருண்டைக்கும் நடுவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அது மறுபடி வெளியே வந்ததற்குக் காரணம் மகள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்கு அவளைச் சேர்த்திருந்தார்கள். அன்றைக்கு அவர் போனில் வந்தபோது அதைச் சொன்னோம்.

எங்கள் வீட்டில் போனில் முகம் பார்த்துப் பேசுவது சாதாரண விஷயம் இல்லை. சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஜன்னல் ஓரம் நின்றால்தான் கொஞ்சம் தேறும். அங்கேயும் பாப்பா லேசாக அசைந்தால் போதும், அந்தப் பக்கம் அவருக்குப் படம் கட்டம் கட்டமாகச் சிதறிவிடும். "ஆடாம நில்லு பாப்பா, ஒடையுது, ஒடையுது" என்பார். அவளும் கைகளைத் தொடையோடு ஒட்டி, காலைச் சேர்த்து வைத்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நிற்பாள். பேசத் தொடங்கிய வயதிலிருந்தே இப்படித்தான் அப்பாவோடு பேசுகிறாள். எனக்கு அது பழகிப்போய் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஓட்டப் பந்தயம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இங்க ரூம்ல எல்லாரும் கட்டிலுக்கு மேல போட்டோ ஒட்டியிருக்கானுவ. ஒருத்தன் வூடு கட்டுன போட்டோ. ஒருத்தன் மாட்டு போட்டோ. எனக்கு பாப்பா ஓடுற போட்டோ வேணும் புள்ள. ரெண்டு காலும் தரையில படக்கூடாது."

"அது எதுக்குங்க, வீடியோ எடுத்து அனுப்புறேன்."

"வீடியோவ செவுத்துல எப்படி ஒட்டுறது?"

நியாயமான கேள்விதான். அவர் விடவில்லை.

"ஒரு லீவுல வந்தா தவழ்ந்துக்கிட்டு இருந்தா. அடுத்த லீவுல தத்தித் தத்தி நடந்தா. அதுக்கப்பறம் நான் எப்ப வந்தாலும் மடியில ஏறி ஒக்காந்துக்கறா. ஓடுறதுக்கு எங்க எறங்குறா? எம்மவ ஓடி நான் பாத்ததே இல்ல."

எனக்குப் பாவமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அங்கிருந்து அடுத்த ஆள் ஊருக்கு வரும்போது இன்னொரு லென்ஸ் வாங்கிக் கொடுத்தனுப்புவார். "எடுத்துத் தொலைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் கேமராவின் தலையிலிருந்த அந்த வட்டத் திருகைப் பார்த்தேன். பச்சையாக ஒரு கட்டம், நான்கைந்து எழுத்துகள், ஒரு மலை, ஒரு பூ, ஒரு நிலா. நடுவில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். என் மிஷினிலும் தையல் அகலத்துக்கு இப்படி ஒரு திருகு உண்டு, ஆனால் அதில் மலையெல்லாம் கிடையாது. பெரம்பலூருக்கு நூல் வாங்கப் போனபோது தெரிந்த ஸ்டூடியோவில் கேட்டேன். கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "பச்சையில வச்சிருங்கக்கா, அதுவே பாத்துக்கும்" என்றார். பச்சையில் வைத்து எங்கள் வீட்டுச் சேவலை விரட்டி எடுத்துப் பார்த்தேன். சேவல் வரவில்லை. சேவல் போன திசையில் சிவப்பாக ஒரு இழுப்பு வந்தது.

பொங்கலுக்கு தா.பழூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போனேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் தம்பியும் வந்திருந்தான். எதைக் கேட்டாலும் தெரியும் என்பவன். பாதி உண்மையாகவே தெரியும் என்பதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

"இதுலதான் ஓடுற ஆள் இருக்கானேடா, அவன்மேல வச்சுட வேண்டியதுதானே" என்றேன்.

"அதெல்லாம் சோம்பேறிங்களுக்குக்கா. ஷட்டர நீயே வைக்கணும். ஆயிரத்துல ஒண்ணு."

"அப்படின்னா?"

"ஒரு செகண்ட ஆயிரம் துண்டா நறுக்கு. அதுல ஒரு துண்டு நேரம்தான் கேமரா கண்ணத் தொறக்கும். அந்த நேரத்துல ஒலகமே நின்ன மாதிரி இருக்கும்."

"பாப்பா ஓடணும்டா. நிக்கக் கூடாது."

"படத்துலதான்க்கா நிக்கும். அவ ஓடுவா."

பிறகு மற்றதையும் சொன்னான். கேமரா கண்ணைச் சீக்கிரம் மூடிவிடுவதால் உள்ளே வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை ஏற்ற வேண்டும், அதையும் ரொம்ப ஏற்றினால் படத்தில் ரவை தூவியதுபோல் புள்ளி விழும். ஃபோகஸை, ஓடுகிறவளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும்படி வைக்க வேண்டும். விரலை எடுக்காமல் அழுத்தினால் தொடர்ச்சியாக எடுத்துத் தள்ளும். அதில் ஏதாவது ஒன்றில் இரண்டு காலும் மேலே இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் எங்கே நிற்பது என்பதாம்.

"பக்கவாட்டுல நிக்காத. பாதி மொகந்தான் வரும். முடியிற கோட்டுக்கு அந்தாண்ட, அவளுக்கு நேரா எதுக்க மண்டி போட்டு ஒக்காரு. மொகம் பளிச்சுன்னு வரும்."

எதை வைத்துப் பழகுவது என்ற கேள்வி வந்தது. மகளை ஓடச் சொன்னால் மாட்டேன் என்றாள். இப்போதே ஓடினால் போட்டிக்கு ஓட்டம் மீதி இருக்காதாம். ஆகவே அறுப்பு முடிந்த வயலில் என் தம்பிதான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்த வரப்புக்கும் அந்த வரப்புக்குமாக ஓடினான். நான் விரலை எடுக்கவே இல்லை. கேமரா என் தையல் மிஷின் மாதிரியே தடதடவென்று ஓடியது. அறுத்த நெல் தாள் தடுக்கி அவன் விழுந்தது ஆரம்பம் முதல் கடைசிவரை வரிசையாக வந்திருக்கிறது. லுங்கி அவிழ்கிற கட்டத்தில் ஃபோகஸ் அவ்வளவு துல்லியம். அழித்துவிடச் சொல்லி இன்னமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கிற நேரம் வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் நெடுஞ்சாலை ஓரம் நின்று பழகினேன். வேகமாகப் போவது பஸ்தானே என்று நினைத்தேன். கேமராவைத் தூக்கியதும் திருச்சிப் பக்கமிருந்து பறந்து வந்த பஸ் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "மேடம், அறுபதுலதான் வரோம், கேஸு கீஸு எழுதிப்புடாதீங்க" என்று சொல்லிக்கொண்டு போனார். அடுத்து ஒருவர் மொபெட்டில் வந்தார். வண்டியை ஓரம் கட்டினார், சீப்பை எடுத்துத் தலைவாரினார், சட்டைப் பொத்தானைப் போட்டார். பிறகு, "இப்ப எடு தாயி" என்றார். வாகனங்களை விட்டுவிட்டு ஒரு வெள்ளாட்டுப் பக்கம் திரும்பினேன். அதுவும் நின்று என்னையே பார்த்தது.

எங்கள் பக்கத்தில் கேமராவைத் தூக்கினால் எதுவும் ஓடாது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ ஷட்டர் சரியாக இருக்கிறதா என்று திருகிக்கொண்டிருந்தேன்.

விழா அன்று காலையில் கிளம்பும்போது மகளிடம், "அப்பாவுக்காக எடுக்கப் போறேன், நல்லா ஓடு" என்று சொல்லி அனுப்பினேன். அவள் ரொம்பக் கவனமாகத் தலையை ஆட்டினாள். நான் மதிய வெயிலுக்கு என்று எண்களை எல்லாம் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டேன். சிறப்பு விருந்தினர் வரவில்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று வாடின. அவர் வந்து, அவருக்குச் சால்வை போட்டு, சால்வை போட்டவருக்கு அவர் சால்வை போட்டு, உடம்பை ஏன் பேண வேண்டும் என்று அவர் பேசி முடித்தபோது சூரியன் சாமியானாவுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நான் வைத்திருந்த எண்கள் எதுவும் உதவாது. ஷட்டரை ஆயிரத்திலிருந்து பாதியாகக் குறைத்தேன், ஐ.எஸ்.ஓ.வைக் கொஞ்சம் ஏற்றினேன், ஆறாம் வகுப்புப் பையன்கள் ஓடியபோது இரண்டு படம் எடுத்துப் பார்த்துக் காலில் இழுப்பு தெரிந்ததால் ஷட்டரை மறுபடி ஏற்றினேன். புள்ளி விழுந்தால் விழட்டும் என்று ஐ.எஸ்.ஓ.வையும் ஏற்றிவிட்டேன். பிளவுஸுக்குக் கை வெட்டும்போதுகூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. எனக்கு என்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தேன். பி.டி. சார் விசில் ஊதினார்.

"ஏம்மா, கயித்துக்கு வெளிய போங்க. அம்மாக்கள்லாம் சாமியானாவுல."

"அவங்க அப்பா வெளிநாட்டுல இருக்காரு சார். ஒரே ஒரு போட்டோ."

"எல்லா அப்பாவும் வெளிநாட்டுலதாம்மா இருக்காங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் நான் நகரவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மூன்றாம் வகுப்புப் பெண்கள் ஓடத் தொடங்கினார்கள். கேமராவின் கண்ணாடி வழியே எனக்கு என் மகள் மட்டும்தான் தெரிந்தாள். ரிப்பன் அவிழ்ந்து பறக்கிறது, பல்லைக் கடித்திருக்கிறாள், மற்றவர்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அவள் கட்டத்துக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தாள். பிறகு பெரிதாவது நின்றுவிட்டது. ஃபோகஸ் என்ன அழகாக நிற்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவளுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் பாய்ந்து வந்து என்னைத் தாண்டிப் போனபோதுதான் கேமராவைக் கீழே இறக்கினேன்.

கோட்டுக்கு நான்கைந்து எட்டு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கால் இரண்டும் சேர்ந்திருந்தன. கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. மூச்சு வாங்குவதைக்கூட அடக்கிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஓடுடி" என்று கத்தினேன். ஓட வேண்டியவர்கள் எல்லாரும் ஓடி முடித்துவிட்டிருந்தார்கள்.

அவள் நிதானமாக நடந்து என்னிடம் வந்து, "நல்லா வந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏன்டி நின்ன? மொதல்ல வந்தியேடி. எவடி உன்ன நிக்கச் சொன்னா?"

"நீதானம்மா அப்பாவுக்கு எடுக்குறேன்னு சொன்ன." என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஆடுனா அப்பாவுக்கு ஒடஞ்சு போயிடும்ல."

அவளைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. அதனால் பி.டி. சாரிடம் சண்டைக்குப் போனேன். இன்னொரு தடவை ஓடவிட வேண்டும், குழந்தை விவரம் தெரியாமல் நின்றுவிட்டது என்றேன். "இனிமே எங்கம்மா ஓடவிடுறது, இருட்டப் போவுது. நிக்கிறதுக்குன்னு ஒரு போட்டி வச்சா உங்க பொண்ணுதான் ஃபர்ஸ்ட்டு, போங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தேன். தொடக்கத்தில் எடுத்தவற்றில் அவள் தூரத்தில் விரல்நுனி அளவு இருந்தாள். ஓடி நெருங்கியவற்றில் கோடு போடுகிறவர் வைத்த சுண்ணாம்பு வாளி அவள் காலை மறைத்தது. கிட்டே வந்ததில் எல்லாம் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கடைசிப் படங்களை இப்போது பார்த்தாலும் அசந்துபோவேன். ஷட்டர், ஃபோகஸ் எல்லாம் என் தம்பி சொன்னபடியே வேலை செய்திருந்தன. அவளைச் சுற்றி அத்தனை பிள்ளைகளும் ஆகாயத்தில் இருந்தன. ஒருத்தியின் ஷூ கயிறுகூட அந்தரத்தில் நிற்கிறது. யாருக்கும் ஒரு கால்கூடத் தரையில் இல்லை. நடுவில் என் மகள் மட்டும் ஆதார் கார்டுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறாள்.

நான் படம் எடுத்த சேதி வகுப்பு வாட்ஸப்பில் பரவி, ஒவ்வொரு அம்மாவாகக் கேட்கத் தொடங்கினார்கள். "எங்க பாப்பா பறக்குறாளே, எந்த ஸ்டூடியோங்க?" என்று ஒருத்தி. "அடுத்த வருசமும் நீங்கதான் வரணும்" என்று ஒருத்தி. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்களின் அப்பாக்கள் சுவரில் ஒட்டுகிற மாதிரி படம் அனுப்பிவிட்டு, என் வீட்டுக்காரருக்கு எதை அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்குப் படங்களை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். பார்த்துவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஓரத்துல ஒரு பொண்ணு இருக்கு பாரு. அதே யூனிஃபார்ம், அதே ரெட்ட ஜடை. மூஞ்சி பாதிதான் தெரியுது. அத மட்டும் வெட்டி அனுப்பு. மாமாவுக்குத் தெரியவா போவுது?"

படுபாவி என்று திட்டினேன். திட்டிக்கொண்டே வெட்டியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. குவைத்தில் ஒரு கட்டிலுக்கு மேலே ஒட்டினால், வேலை முடிந்து களைத்து வந்து படுக்கிற மனுசனுக்கு அது போதும் என்று தோன்றியது. அனுப்புகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தபோது மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இது அவளாச்சே. அவளோட அப்பாவுக்குத்தான அனுப்பணும்?" என்றாள்.

வெட்டியதை அழித்தேன். அவள் நிற்கிற படத்தையே முழுசாக அனுப்பினேன். கீழே அவள் சொன்னதையும் அப்படியே எழுதினேன்.

அந்தப் பக்கம் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மனுசனுக்குக் கோபமோ என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெளியே கோயிலுக்கு வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, போன் வந்தது.

மகள் ஓடிவந்து ஜன்னல் ஓரம் நின்றாள். காலைச் சேர்த்தாள், கையை ஒட்டினாள். அவர் முகம் தெரிந்தது. ஷேவ் செய்திருக்கவில்லை. பின்னால் சுவரில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. கிட்டே காட்டினார். எல்லாரும் பறக்க, நடுவில் நிற்கிற படம்தான்.

"ரூம்ல கேட்டானுவ, எதுடா உம்மவன்னு. அசையாம நிக்கிது பாரு, அதான்னு சொன்னேன்" என்றார். பிறகு, "பாப்பா, இப்ப ஓடு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஒடஞ்சு போயிடும்ப்பா."

"ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போவட்டும். நீ ஓடு."

வீட்டுக்குப் பின்னால் மக்காச்சோளக் கொல்லையை ஒட்டி ஒரு மண்பாதை போகிறது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு அதில் இறங்கினாள். முதலில் இரண்டு எட்டு சந்தேகமாக வைத்துத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓடினாள். போட்டிக்கென்று சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் அவள் காலில் மீதி இருந்தது. கேமரா பீரோவில் இருந்தது, எடுக்க நேரமில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடினால் போனில் என்ன தெரியும்? கொஞ்சம் வானம், கொஞ்சம் சோளத்தட்டை, என் செருப்பு. அதுவும் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து போயிருக்கும்.

"எம்மவ எங்க புள்ள? உன் மூச்சுதான் கேக்குது" என்று போனுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

எனக்கு மூச்சு இளைத்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனை அவள் பக்கம் நீட்டினேன். அவள் முன்னால் சின்னதாகிக்கொண்டே போனாள்.

"தெரியுது, தெரியுது" என்றார் அவர். பிறகு, "நிக்காத புள்ள, ஓடு" என்றார்.